விளையாட்டுப் பொருட்களுக்கென ஒரு நூதனசாலை: வன்னியிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி மாவட்டத்தில் இருபது வருடங்களுக்கு மேல் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். லண்டனில் இருக்கும் தங்கையிடம் இரண்டு தடவை போய்த் தங்கியிருந்தபோது, பெத்னல் கிறீனில் உள்ள சிறுவர் நூதனசாலைக்கு மொத்தம் நான்கு நாட்கள் சென்றேன். திரும்பி வந்தபின், பிள்ளைகளிடம் போகவிருக்கும் தாய்மாரும் ஓய்வூதியர்களும் முன்பள்ளி ஆசிரியைகளும் அதைப் பற்றித் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னவற்றை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

அந்த நூதனசாலையின் பெயர் என்ன? பழைய பெயரைச் சொன்னால் மகனுக்குத் தெரியவில்லையே?

அதன் பெயர் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1872 ஜூன் 24 அன்று திறந்தபோது அது பெத்னல் கிறீன் நூதனசாலை. 1974 முதல் சிறுபராய நூதனசாலை. 2020 இல் திருத்த வேலைக்காக மூடி, 2023 ஜூலை 1 அன்று மீண்டும் திறந்தபோது ‘யங் வி அன்ட் ஏ’ என்று பெயரிட்டார்கள். தாய் நிறுவனமான விக்டோரியா அன்ட் அல்பேர்ட் நூதனசாலை (சுருக்கமாக ‘வி அன்ட் ஏ’) நகரின் மறுபக்கத்தில், சவுத் கென்சிங்டனில் இருக்கிறது. கைப்பேசியில் இடத்தைத் தேடும்போது ‘யங்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் அங்கே போய் இறங்க நேரிடும். என் தங்கையின் அயல்வீட்டுக்காரருக்கு அப்படித்தான் ஆனது. பழைய பெயரே எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘சிறுபராயம்’ என்ற சொல்லில் அறுபது வயதுக்காரிக்கும் ஓர் இடம் இருந்தது.

ஈஸ்ற்ஹாமிலிருந்தோ இல்போர்ட்டிலிருந்தோ எப்படிப் போவது?

எங்கள் ஆட்கள் பெரும்பாலும் கிழக்கு லண்டனில் இருப்பதால் இது தூரப் பயணமல்ல. ஈஸ்ற்ஹாமில் டிஸ்ரிக்ற் லைன் ரயிலில் ஏறி, மைல் என்ட் நிலையத்தில் இறங்கி, சென்றல் லைன் ரயிலுக்கு மாறினால் அடுத்த நிலையம் பெத்னல் கிறீன். இல்போர்ட்டிலிருந்து வருகிறவர்கள் எலிசபெத் லைனில் ஸ்ரற்போர்ட் வரை வந்து அங்கே சென்றல் லைனைப் பிடிக்கலாம். நிலையத்திலிருந்து மேலே வந்து சில நிமிடங்கள் நடந்தால் நூதனசாலை. பெத்னல் கிறீன் என்ற அதே பெயரில் இன்னொரு ரயில் நிலையமும் இருக்கிறது. அதில் இறங்கினால் கூடுதலாக நடக்க வேண்டும். நிலக்கீழ் நிலையத்தில் தானியங்கிப் படிகள் உண்டு, லிஃப்ற் இல்லை. எனவே முழங்கால் நோவுள்ளவர்களையும் குழந்தை வண்டிலையும் பஸ்ஸில் கொண்டு போவதே நல்லது.

எவ்வளவு காசு? எந்த நேரம் திறந்திருக்கும்?

அனுமதி இலவசம். சிறப்புக் கண்காட்சி நடக்கும் காலத்தில் அதற்கு மட்டும் ரிக்கற் எடுக்க வேண்டியிருக்கும். காலை 10 மணி முதல் மாலை 5.45 வரை எல்லா நாட்களும் திறந்திருக்கும். டிசம்பர் 24, 25, 26 மூன்று நாட்களும் பூட்டு. பாடசாலை விடுமுறைக் காலத்தில் திருவிழாக் கூட்டம் போல இருக்கும்.

விளையாட்டுச் சாமான் பார்க்கவா அவ்வளவு பெரிய கட்டடம்? அதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

இந்தக் கேள்வியை ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரே என்னிடம் கேட்டார். கட்டடத்தின் கதையிலேயே இதற்கு விடை இருக்கிறது. அதன் இரும்புச் சட்டகம் 1850களில் சவுத் கென்சிங்டனில் எழுப்பப்பட்டது. பின்னர் அதைக் கழற்றி, ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பெத்னல் கிறீனுக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து பாராமல் முதலில் குனிந்து பாருங்கள். தரை முழுவதும் மீன் செதில் போல, வெள்ளையும் கறுப்புமான சிறு கற்களால் பதிக்கப்பட்டிருக்கிறது. வோக்கிங் சிறைச்சாலையில் இருந்த பெண் கைதிகள் செய்த வேலை அது. இன்று அந்தத் தரையில் பிள்ளைகள் வயிறுபடக் கிடந்து சில்லு உருட்டுகிறார்கள்.

முதல் ஐம்பது வருடங்கள் அது பெரியவர்களுக்கான கலைக்கூடமாகவே இருந்தது. 1920களில் பொறுப்பேற்ற ஆர்தர் சபின் என்பவர், அயலிலுள்ள பிள்ளைகள் வந்து செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அலைவதைக் கவனித்தார். அவர் அவர்களைத் துரத்தவில்லை. அவர்கள் உயரத்துக்குக் காட்சிகளைப் பணித்து, பிள்ளைகளுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கி, விளையாட்டுப் பொருட்களைச் சேர்க்கத் தொடங்கினார். வாசலில் வந்து நின்ற பிள்ளையைப் பார்த்துத் தன் போக்கை மாற்றிக்கொண்ட அந்த மனிதரை, பிள்ளைகளோடு வேலை செய்த நான் மிகவும் மதிக்கிறேன்.

சிறுபராயத்துக்கு வரலாறு என்று ஒன்று உண்டா? பிள்ளை எக்காலத்திலும் பிள்ளைதானே?

பிள்ளை எக்காலத்திலும் பிள்ளைதான். ஆனால் எத்தனை வயது வரை ஒருவரைப் பிள்ளையாக வைத்திருப்பது, எப்போது வேலைக்கு அனுப்புவது, விளையாட்டை வீண் என்று நினைப்பதா, வளர்ச்சி என்று நினைப்பதா என்பவை காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. பிலிப் அரியேஸ் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1960 இல் வெளியிட்ட நூலில், சிறுபராயம் தனியான ஒரு பருவம் என்ற எண்ணம் ஐரோப்பாவின் இடைக்காலச் சமூகத்தில் இருக்கவில்லை என்று வாதிட்டார். பின்னால் வந்தவர்கள் பலர் அதை மறுத்தார்கள். அவர் கருத்து எப்படியிருந்தாலும், சிறுபராயத்தை வரலாறாக ஆராயும் துறை வளர்ந்ததற்கு அந்த நூல் ஒரு பெரிய காரணம்.

தமிழில் நாங்கள் இதைப் பிள்ளைத்தமிழாக வைத்திருக்கிறோம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஏழு பருவங்கள் இரு பாலாருக்கும் பொது. பின்னர் ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் பிரியும். குழந்தை தலையை நிமிர்த்தி ஆடுவது, கைதட்டுவது, தளர்நடை நடப்பது என்று படிப்படியாகப் பார்த்த ஒருவரால்தான் இப்படிப் பிரிக்க முடியும். முன்பள்ளிப் பயிற்சியில் எங்களுக்குத் தந்த வளர்ச்சிப் படிநிலை அட்டவணையைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான். அதற்கும் மிக முன்னரே, பட்டினப்பாலையில், குதிரை பூட்டாமல் பிள்ளைகள் உருட்டும் மூன்று சில்லுச் சிறுதேர் வருகிறது. அந்த நூதனசாலையில் இழுத்து விளையாடும் மரவண்டில்களுக்கு முன்னால் நின்று பேரனுக்கு இதைச் சொல்லுங்கள்.

இன்றைய நிலைமையில் விளையாட்டு சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை 1991 இல் அதை ஏற்றுறுதி செய்தது.

உள்ளே எவற்றைத் தவறவிடக் கூடாது?

மூன்று பெரிய கூடங்கள் இருக்கின்றன: விளையாட்டுக்கு ஒன்று, கற்பனைக்கு ஒன்று, வடிவமைப்புக்கு ஒன்று. ஏறக்குறைய 2,000 பொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள்.

எனக்கு ஒன்றைச் சொல்லச் சொன்னால், பொம்மை வீடுகளின் ஊரைச் சொல்வேன். ரேச்சல் வைற்றீட் என்ற பெண் சிற்பி பல வருடங்களாகப் பழைய பொம்மை வீடுகளைச் சேர்த்து, ஏறக்குறைய 150 வீடுகளை ஒரு மலைச்சரிவில் இருக்கும் கிராமம் போல அடுக்கியிருக்கிறார். சுற்றிவர இருட்டு. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் விளக்கு எரிகிறது. கிட்டப் போய் யன்னலால் பார்த்தால், தளபாடமும் இல்லை, ஆட்களும் இல்லை. சுவர்த்தாள் மட்டும், சில இடங்களில் உரிந்தபடி.

என் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு யன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே நெடுநேரம் நின்றேன். 2009க்குப் பிறகு முதன்முதலாக எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பியபோது வீடுகளுக்குக் கூரை இருக்கவில்லை, விளக்கும் இருக்கவில்லை. ஆனால் ஆட்களில்லாத வீடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதிதான். சிற்பி எங்களை நினைத்து அதைச் செய்யவில்லை. ஆனாலும் வன்னியிலிருந்து போகும் ஒருவர் அதைத் தனியே, அவசரமில்லாமல் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். காட்சிகள் காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதால், அது இன்னும் அங்கே இருக்கிறதா என்று போவதற்கு முன் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள்.

மேசைகளில் விளையாடும் ஆட்டங்களில் லூடோவைக் கண்டால் அதன் ஊர் எதுவென்று பிள்ளைகளிடம் கேளுங்கள். இந்தியாவின் பச்சீசி ஆட்டத்தைச் சுருக்கி, இங்கிலாந்தில் 1896 இல் காப்புரிமை பெற்றதுதான் லூடோ. பாம்பும் ஏணியும் எங்கள் பரமபதத்திலிருந்து போனது. லெகோ கட்டைகள் டென்மார்க்கில் 1932 இல் மர விளையாட்டுப் பொருள் செய்யத் தொடங்கிய ஒரு தச்சரின் பட்டறையிலிருந்து வந்தவை. இன்று நாங்கள் அறியும் பூட்டுக் கட்டைக்கு 1958 இல் காப்புரிமை எடுத்தார்கள். அந்த வருடத்துக் கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் பூட்டும்.

அவர்களுடைய பழைய விளையாட்டுப் பொருட்கள் நூற்றாண்டுக் கணக்கில் எப்படித் தப்பின? எங்களுடையவை ஏன் ஒன்றுமே மிஞ்சவில்லை?

என்னிடம் கேட்கப்பட்டவற்றில் இதுதான் பெரிய கேள்வி. இதற்காகவே மற்றக் கேள்விகளுக்கும் பதில் எழுதினேன் என்று சொல்லலாம்.

தப்பியவற்றில் பெரும்பாலானவை அதிகம் விளையாடப்படாதவை. வி அன்ட் ஏ சேகரிப்பில் ஜெர்மனியின் நியூரம்பேர்க்கில் செய்யப்பட்ட 1673ஆம் ஆண்டுப் பொம்மை வீடு ஒன்று இருக்கிறது. பணக்கார வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வீட்டு நிர்வாகத்தைக் காட்டிக் கொடுப்பதற்காக அப்படிப்பட்டவற்றைச் செய்தார்கள். பெரியவர்களின் கண்காணிப்பில் இருந்ததால் அது 350 வருடம் தாண்டி நிற்கிறது. பிள்ளை ஆசையோடு இழுத்துத் திரிந்த பொருளோ தேய்ந்து, உடைந்து, அடுப்புக்குள் போய்விடும். ஆகவே கண்ணாடிப் பெட்டிக்குள் நாங்கள் பார்ப்பது பிள்ளைகள் விளையாடியவற்றின் முழுக் கதை அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் ஒரு சிறுபராய நூதனசாலையைச் சரியாகப் பார்க்க முடியும்.

இரண்டாவது காரணம் மண்ணும் மழையும். பிரித்தானிய நூதனசாலையில் உரோமர் காலத்து எகிப்திலிருந்து எடுத்த துணிப் பொம்மை ஒன்று இருக்கிறது. லினன் துணிக்குள் கந்தலும் பப்பைரஸ் தாளும் அடைத்துச் செய்தது. அப்படியொன்றை எங்கள் அம்மம்மாமாரும் பழஞ்சீலையில் செய்து தந்திருக்கிறார்கள். அது பாலைவனத்தின் உலர்ந்த மணலில் கிடந்ததால் 1,500 வருடங்களுக்கு மேலாக அழியவில்லை. இங்கே ஒரு மாரியும் ஒரு கறையான் புற்றும் போதும். பனையோலைக் கிலுக்கு, பூவரசம் இலைப் பீப்பீ, தென்னோலைக் கிளி, குரும்பட்டித் தேர் எல்லாம் வாடி உதிர்வதற்கென்றே பிறந்தவை.

மூன்றாவது காரணத்தை எல்லோரும் அறிவீர்கள். எத்தனை தடவை எதை விட்டுவிட்டு எழும்பினோம் என்று எண்ணிப் பாருங்கள். உழவு இயந்திரத்தின் பெட்டியில் நெல்லும் சட்டிபானையும் சைக்கிளும் ஏறின. விளையாட்டுச் சாமான் ஏறவில்லை. அதை ஏற்றாத தாயைக் குறைசொல்ல ஒருவருக்கும் வாயில்லை.

இருந்தும் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சீமெந்து, மண்ணெண்ணெய், பற்றரி எதுவும் இலகுவில் உள்ளே வராது. பற்றரியில் ஓடும் கார் என்பதை எங்கள் பிள்ளைகள் கதையாகவே கேட்டார்கள். அப்போது என் முன்பள்ளிக்கு வந்த ஒரு பையன் மீன்ரின்னைத் தட்டி நிமிர்த்தி ஓர் உழவு இயந்திரம் செய்துகொண்டு வந்தான். சில்லுகள் நான்கும் தேய்ந்த பாட்டாச் செருப்பில் வெட்டியவை. முன்சில்லு இரண்டும் சிறிது, பின்சில்லு இரண்டும் பெரிது. அச்சுக்குக் குடைக்கம்பி. பின்சில்லில் சவுக்கால் கீறியது போலச் சரிவான வெட்டுகள் இருந்தன. சேற்றில் பிடிப்பதற்காக உண்மையான உழவு இயந்திரத்தின் ரயரில் இருக்கும் கட்டைகளை அவன் கண்ணால் அளந்து சவர அலகால் வெட்டியிருக்கிறான். பழுதாகிப்போன ஒரு பேனைமூடிதான் புகைபோக்கி. ஏழு வயது. முன்பள்ளி விட்டுப் போகும் தம்பியைக் கூட்டிச் செல்ல வருகிறவன், ஒரு நாள் என் மேசையில் அதை வைத்துவிட்டுப் போனான். ஒவ்வொரு இடப்பெயர்விலும் அது என் பதிவேடுகளோடு ஒரு பையில் கிடந்து தப்பியது. லண்டனில் எத்தனையோ அழகான மோட்டார் வண்டிகளைக் கண்டேன். என் மேசையில் இருப்பதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்த வேலைப்பாடு அவற்றில் ஒன்றிலோ இரண்டிலோதான் இருந்தது.

ஏழைப் பிள்ளைகளின் பொருள் நூதனசாலைக்குள் போவதே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். எட்வேர்ட் லவெற் என்ற சேகரிப்பாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் சேரிகளில் பிள்ளைகள் வைத்திருந்த பொம்மைகளைத் தேடிச் சேர்த்தார். கிழிந்த சப்பாத்தொன்றின் அடிப்புறத்தை முகமாக வைத்துத் துணி சுற்றிய பொம்மை ஒன்று அவற்றில் உண்டு. இப்போது அது எடின்பரோ நகரத்தின் சிறுபராய நூதனசாலையில் இருக்கிறது. செருப்பில் சில்லு வெட்டியவனும் சப்பாத்தில் பிள்ளை கண்டவளும் ஒரே வகுப்புத் தோழர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

யுத்தத்தைக் கண்ட பெரியவர்களை அங்கே கூட்டிப் போகலாமா?

கூட்டிப் போகலாம். ஆனால் ஒன்றை முன்னரே அறிந்திருங்கள். பெத்னல் கிறீன் நிலக்கீழ் நிலைய வாசலுக்குப் பக்கத்தில், தலைகீழாக அந்தரத்தில் நிற்கும் ஒரு படிக்கட்டைக் காண்பீர்கள். அது நினைவுச்சின்னம். இரண்டாம் உலகப் போரில், அப்போது கட்டி முடியாதிருந்த அந்த நிலையத்தை மக்கள் பதுங்குமிடமாகப் பாவித்தார்கள். 1943 மார்ச் 3 இரவு, அபாயச் சங்கு ஊதி, அருகிலிருந்த பூங்காவில் புதிய வகை விமான எதிர்ப்பு ஏவுகணைகள் பேரொலியோடு வெடித்தபோது, குண்டு விழுகிறது என்று நினைத்து மக்கள் இருட்டான ஒற்றைப் படிக்கட்டால் விரைந்து இறங்கினார்கள். ஒருவர் இடறி விழ, ஒருவர்மேல் ஒருவராக விழுந்து 173 பேர் மூச்சடங்கி இறந்தார்கள். அவர்களில் 62 பேர் பிள்ளைகள். அன்று அந்த இடத்தில் ஒரு குண்டும் விழவில்லை. நினைவுச்சின்னம் 2017 இல்தான் நிறைவு பெற்றது. 74 வருடங்கள் எடுத்திருக்கின்றன. பெயர்கள் எல்லாம் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே குடும்பப் பெயர் வரிசையாக வரும் இடங்களைக் கண்டேன்.

பங்கருக்குள் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு தாய்க்கு இதை விளக்கத் தேவையில்லை. முன்னறிவிப்பில்லாமல் அங்கே நிறுத்த வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அவரே கேட்டால் சொல்லுங்கள். நூதனசாலையைப் பார்த்து முடித்த பின்னர் நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்துப் பூங்கா வாங்கில் சற்று அமர்ந்திருந்து போவது, போகும் வழியில் அதைக் கண்டு மனம் கனத்துப்போய் உள்ளே நுழைவதிலும் நல்லது.

பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் சரியாக வராது. எனக்கு ஆங்கிலம் வராது. போய் என்ன கதைப்பது?

அந்த இடத்தில் கை பேசும். சட்டைப்பைக்குள் ஐந்து கூழாங்கற்களைக் கொண்டு போங்கள். இளைப்பாறும் இடத்தில் இருந்து கொக்கான் வெட்டிக் காட்டுங்கள். என் தங்கையின் மகள் அதுவரை என்னிடம் ‘ஹலோ பெரியம்மா’ என்பதற்கு மேல் பேசாதவள். மூன்றாம் கல்லை நான் எறிந்து பிடித்ததும் என் பக்கத்தில் வந்து குந்தினாள். காட்சிக்கு முன்னால் நின்று எழுத்துப் பலகையை மொழிபெயர்க்கச் சொல்லிப் பிள்ளையைக் களைக்க வைக்காதீர்கள். பம்பரத்தைக் கண்டால் சாட்டை சுற்றும் விதத்தை விரலால் காட்டுங்கள். போளையைக் கண்டால் நடுவிரலை மடக்கித் தெறித்துக் காட்டுங்கள். கிளித்தட்டு, எவடம் எவடம் புளியடி புளியடி, பேணிப்பந்து ஆகிய பெயர்களைச் சொல்லுங்கள். பெயர் பிடித்துவிட்டால் பிள்ளை மிச்சத்தைக் கேட்கும்.

பொருட்களைத் தொடலாமா? படம் எடுக்கலாமா? சாப்பாடு?

பெட்டிக்குள் இருப்பவற்றைத் தொட முடியாது. வெளியே விளையாடுவதற்கென்றே நிறைய வைத்திருக்கிறார்கள். உங்கள் தேவைக்குப் படம் எடுக்கலாம், பிறருடைய பிள்ளைகள் படத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே சிற்றுண்டிச்சாலை உண்டு, விலை கூட. நாங்கள் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போய்ப் பக்கத்துப் பூங்காவில் சாப்பிட்டோம்.

லண்டன் போக வசதியில்லாதவர்கள் வேறெங்கே பார்க்கலாம்?

ஸ்கொட்லாந்தில் பிள்ளைகள் இருந்தால் எடின்பரோ போகலாம். சிறுபராய வரலாற்றுக்கென்றே உலகில் முதலாவதாக அமைந்தது என்று சொல்லப்படும் நூதனசாலை அங்கேதான், 1955 இல், பற்றிக் மரி என்ற நகரசபை உறுப்பினரின் முயற்சியால் தொடங்கியது. டெல்லியில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1965 இல் நிறுவிய பொம்மை நூதனசாலை பல நாடுகளின் பொம்மைகளைக் கொண்டது.

எங்கள் ஆட்கள் மதுரை மீனாட்சியிடம் போகும்போது அருகிலிருக்கும் கீழடிக்கும் போய்வர வேண்டும். 2023 மார்ச்சில் திறந்த அந்த அருங்காட்சியகத்தில், அகழ்ந்தெடுத்த தாயக்கட்டைகளும் சுடுமண் ஆட்டக்காய்களும் பானையோட்டைத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகளும் இருக்கின்றன. அந்தச் சில்லைப் பார்க்கும்போது, கெந்தித்தொட்டு விளையாட ஓட்டுத்துண்டைக் கல்லில் உரைத்து வட்டமாக்கிய ஒவ்வொருவருக்கும் விரல்நுனி கூசும்.

எங்கள் முன்பள்ளியில் அல்லது வாசிகசாலையில் சிறு காட்சி ஒன்று வைக்க முடியுமா?

ஓர் அலுமாரித் தட்டுப் போதும். நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

பொருளைவிட அதன் சீட்டு முக்கியம். யார் செய்தது, எந்த ஊரில், எந்த வருடமளவில், எதனால், எப்படி விளையாடியது, பிறகு எங்கெங்கே போனது என்று எழுதி ஒட்டுங்கள். சீட்டில்லாத பொம்மை இருபது வருடத்தில் குப்பையாகிவிடும். பழைய பொருளைக் கழுவி வர்ணம் பூசாதீர்கள். கறையும் தேய்மானமும்தான் அதன் வரலாறு. ஓலைப் பொருட்களோடு உலர்ந்த வேப்பிலை போட்டு, நிலத்தில் படாமல் உயரத்தில் வையுங்கள். கறள் பிடிக்கும் ரின் சாமானை ஈரம் படாத இடத்தில், தாளில் சுற்றி வையுங்கள்.

பொருள் இல்லாவிட்டால் கதையைச் சேருங்கள். ஊரில் எண்பது வயதானவர்களிடம் கைப்பேசியோடு போய், ‘சின்ன வயதில் என்ன விளையாடினீர்கள்’ என்று கேட்பதை விட, ‘அதை எப்படிச் செய்தீர்கள்’ என்று கேளுங்கள். முதற் கேள்விக்கு ஒரு பெயர் வரும். இரண்டாவது கேள்விக்கு ஆள் எழும்பி ஓலை தேடப் போவார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்து போய் அம்மம்மா குழல் வாங்கி ஊதிய கதையை ஒரு முதியவர் எனக்கு முக்கால் மணித்தியாலம் சொன்னார். குழலின் சத்தத்தையும் தொண்டையால் எழுப்பிக் காட்டினார். அந்த ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. காட்சிக்கென்று பிள்ளைகளைக் காணிகளிலும் பற்றைகளிலும் பொருள் தேட அனுப்ப வேண்டாம். மண்ணுக்குள் கிடக்கும் உலோகப் பொருள் விளையாட்டுச் சாமான் போலவே தோன்றலாம். தெரியாத எதையும் தொடாமல், கண்ட இடத்தில் விட்டு, பெரியவர்களிடமும் பொலிஸாரிடமும் சொல்ல வேண்டும் என்பதைக் காட்சிக்கு முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

நுங்கு வண்டில் இரண்டு நாளில் சுருங்கிவிடுகிறதே, அதை எப்படிக் காட்சிக்கு வைப்பது?

வைக்க முடியாது. சுருங்கியதையும் எறியாமல் ஒன்று வைத்திருங்கள், அதுவும் ஒரு சான்று. ஆனால் வருடந்தோறும் நுங்குக் காலத்தில் அதைப் புதிதாகச் செய்வதே அதைப் பேணும் முறை. நுங்கு குடித்த இரண்டு கோம்பைகளை எடுங்கள். ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டில் ஒரு பக்கம் இழுக்கும். ஒரு சாண் நீளத்துக்குச் சீவிய கம்பின் இரு முனைகளையும் கோம்பைகளின் நடுவில் இறுக்குங்கள். பூவரசிலோ கிளுவையிலோ கவையுள்ள நீண்ட தடியொன்று வெட்டி, கவையை அச்சில் கொளுவித் தள்ளுங்கள். தடி பிள்ளையின் நெஞ்சு உயரம் இருக்கட்டும். முதல் வண்டிலை நீங்கள் செய்யுங்கள், இரண்டாவதைப் பிள்ளை செய்யட்டும். சீட்டில் அந்தப் பிள்ளையின் முதற்பெயரையும் வருடத்தையும் எழுதுங்கள்.